முடிவெடுக்கத் தனியாக ஒரு கோல்ஃப் ரவுண்டு

ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், அதுவும் ‘தொழிலை எப்படி வளர்ப்பது’ மாதிரி இல்லாமல் ‘இந்தப் பங்குதாரரைச் சேர்க்கலாமா, வேண்டாமா’ என்கிற அளவுக்குக் குறுகலாக. காலையின் முதல் டீ டைமை, அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்தை, பிடியுங்கள், இல்லையென்றால் முன்னால் ஆடும் நான்கு பேர் நகரும்வரை ஒவ்வொரு டீயிலும் (முதல் அடி அடிக்கும் இடம்) நிற்க வேண்டியிருக்கும். வண்டி வேண்டாம், நடங்கள். 14 கிளப் (பந்தடிக்கும் மட்டை) வரை அனுமதி உண்டு, ஏழெட்டே போதும்.

யோசிப்பது நடக்கும்போது மட்டும். பந்துக்கு அருகே வந்ததும் காற்று எந்தப் பக்கம், குழியில் நட்ட கொடி எவ்வளவு தூரம், எந்தக் கிளப் என்று மனசு முழுக்க அதற்குள் போய்விட வேண்டும், அடித்த பிறகு மறுபடி கேள்விக்குத் திரும்பலாம். இப்படி விட்டுவிட்டு யோசிப்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் ஒரே வாதத்தைச் சுற்றிச் சுற்றி வருவது தானாக அறுபடுகிறது. 18 ஹோலில் (குழி) முதல் 9 ஹோலை, பங்குதாரரைச் சேர்த்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு நடங்கள், அடுத்த 9 ஹோலை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக. எந்தப் பாதியில் மனசு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தது என்று கவனியுங்கள்.

போன் சைலன்ட்டில், பைக்குள். தோன்றுவதை ஸ்கோர் கார்டு ஓரத்தில் ரெண்டு வார்த்தையில் கிறுக்கினால் போதும். பந்து தொலைந்தால் விதிப்படி 3 நிமிடம்தான் தேடலாம். அப்புறம், காருக்குப் போவதற்கு முன்பே முடிவையும் காரணத்தையும் எழுதிவிடுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.