ஒயில் கேனின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: வீட்டில் ஒயில் மாற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டன், தலவாக்கலை, வெலிமடைப் பக்கம் எந்த ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் நின்று கேட்டாலும், "அந்தச் சிவப்பு கேன் ஒன்று குடுங்கண்ணே" என்றுதான் ஒயில் வாங்குகிறார்கள். வீட்டு முற்றத்தில் தாங்களே பைக்குக்கும் ஆட்டோவுக்கும் ஒயில் மாற்றுகிறவர்களுக்கு இந்தப் பற்று இன்னும் அதிகம். அப்பா ஊற்றிய கம்பனி, கராஜ் பாஸ் சொன்ன கம்பனி என்று கால்டெக்ஸிலோ சர்வோவிலோ காஸ்ட்ரோலிலோ வருடக்கணக்காக நிற்பார்கள். அப்படி நிற்பதில் பிழை இல்லை. பெயரைக் கண்டதும் கேனைத் திருப்பிப் பார்க்காமல் விடுவதுதான் எஞ்சினைக் கெடுக்கிறது.

ஒரே பெயர், வேறு ஒயில்

ஒரே கம்பனி பெற்றோல் காருக்கும், டீசல் லொறிக்கும், பைக்குக்கும், ஸ்கூட்டருக்கும் தனித்தனி ஒயில் விற்கிறது. கேனின் வடிவமும் நிறமும் பல நேரம் ஒன்றுபோலவே இருக்கும். இதில் அதிகம் செலவு வைக்கும் தவறு, கார் ஒயிலைப் பைக்கில் ஊற்றுவது. கியர் பைக்கிலும் பஜாஜ் 4 ஸ்ட்ரோக் ஆட்டோவிலும் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காகக் கார் ஒயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். கிளட்ச் பிடிப்பதே உராய்வால்தான் என்பதால், அந்த ஒயிலில் பிளேட் வழுக்கும்.

சமதரையில் இது தெரியாது. றம்பொடை ஏற்றத்தில் இரண்டு பேரோடு போகும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது. உடனே கேபிளை இறுக்குவார்கள், பிறகு பிளேட் செட்டையே மாற்றுவார்கள். உள்ளே இருக்கும் ஒயில் அதேதான் என்றால் புதுப் பிளேட்டும் வழுக்கும். முதலில் ஒயிலை வடித்துவிட்டு, ஜாஸோ (ஜப்பான் வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்ட ஒயிலை ஊற்றி ஓட்டிப் பாருங்கள். பிளேட் கருகாமல் இருந்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். ஜாஸோ எம்பி என்பது கிளட்ச் ஒயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு. எம்ஏ ஒயிலை ஸ்கூட்டரில் ஊற்றினால் கெடுதி இல்லை, எம்பி ஒயிலைப் பைக்கில் ஊற்றக் கூடாது.

குளிர் ஊருக்கு எந்த நம்பர்?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும். அதனால் "இங்கே 20டபிள்யூ-50 சரிவராது, மெல்லிய ஒயில்தான் வேண்டும்" என்று சிலர் மாற்றிவிடுகிறார்கள். 'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண் குளிரில் எஞ்சின் சுழலும் இலகுவைக் காட்டுகிறது. இந்த எண்களை வகுக்கும் எஸ்ஏஈ என்ற பொறியியலாளர் சங்கத்தின் தரப்படி 20டபிள்யூ ஒயிலைச் சோதிப்பது மைனஸ் 15 பாகையில், 10டபிள்யூவை மைனஸ் 25 பாகையில். நம் மலைநாட்டுக் குளிர் அந்த எல்லைக்குக் கிட்டவே போவதில்லை. பின்னால் வரும் எண் 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பு. கீழ்நாட்டுப் பியகமவுக்குப் போனாலும் ஹோட்டன் சமவெளிக்குப் போனாலும் சூடேறிய எஞ்சினுக்குள் நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான். கையேட்டில் 20டபிள்யூ-50 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள், 10டபிள்யூ-30 என்றிருந்தால் அதை. 0டபிள்யூ-20 கேட்கும் ஜப்பான் ஹைபிரிட் காருக்கு "ஏற்றம் அதிகம்" என்று தடித்த ஒயில் ஊற்றுவதும் இதே தவறின் மறுபக்கம்.

கியர் ஒயிலின் 80டபிள்யூ-90ஐ எஞ்சின் ஒயில் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம். அது வேறு அளவுகோல்.

பின்பக்க வட்டம்

ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) உரிமம் பெற்ற கேனின் பின்பக்கம் வட்ட முத்திரை ஒன்று இருக்கும். அதன் மேல் வளைவில் ஏபிஐ தரம், நடுவில் தடிப்பு எண். எஸ் என்று தொடங்கினால் பெற்றோல், சி என்றால் டீசல். இரண்டாவது எழுத்து பின்னே போகப் போகத் தரம் புதியது. எஸ்எல் 2001இல் வந்தது, எஸ்என் 2010இல், எஸ்பி 2020இல். மலிவாகக் கிடைக்கும் எஸ்சி, எஸ்எஃப் கேன்கள் அழகான லேபலோடு இருக்கலாம். ஏபிஐ தன் அட்டவணையில் எஸ்சியை 1967க்குப் பின் வந்த பெற்றோல் எஞ்சின்களுக்கும் எஸ்எஃபை 1988க்குப் பின் வந்தவற்றுக்கும் ஆகாதவை என்றே போட்டிருக்கிறது. வெறுமனே "ஏபிஐ தரத்துக்கு ஏற்றது" என்று எழுத யாராலும் முடியும், வட்ட முத்திரையை உரிமம் பெற்றவர்தான் போடலாம்.

ஒரு கேன் என்பது ஓர் அளவு இல்லை

800 மில்லி, 900 மில்லி, 1 லீற்றர் கேன்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். அமெரிக்கக் குவார்ட் கேனில் 946 மில்லி, கலனில் 3.785 லீற்றர். "ஒரு கேன் போதும்" என்ற பேச்சு இங்கேதான் ஏமாற்றும். கையேட்டில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது ஊற்றுவது பெரியது, சும்மா ஒயில் மாற்றும்போது ஊற்றுவது சிறியது. பெரிய எண்ணைப் பார்த்து ஊற்றினால் ஒயில் மிஞ்சி நுரைக்கும், மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் ஏறும்.

சரியாக மாற்ற: எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ட்ரெயின் நட்டைக் கழற்றிப் பத்து நிமிடமாவது வடியவிட்டு, புது வொஷர் போட்டுப் பூட்டுங்கள். அலுமினியப் புரி என்பதால் முதலில் கையாலேயே திருகி, வொஷர் நசுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கையேட்டு அளவில் 100 மில்லி குறைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சற்றுப் பொறுத்து ஒயில் அளக்கும் ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தை நிரப்புங்கள். லயத்து வாசலில் சமதரை கிடைப்பது கஷ்டம். சரிவில் அளந்தால் ஸ்டிக் பொய் சொல்லும். கோயில் முற்றமோ ஸ்டோர் வாசலோ, சமமான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், நடு ஸ்டாண்டில் நிறுத்தி அளந்து பாருங்கள். ஸ்டிக்கைத் திருகி அளப்பதா, வெறுமனே செருகி அளப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலியும் சில்லறை ஒயிலும்

ஒரே கம்பனியில் நிற்பதால் கிடைக்கும் உண்மையான நன்மை இதில்தான் இருக்கிறது: அந்தக் கேனை உங்கள் கண் நன்றாக அறிந்திருக்கும். மூடி வளையம் முதல் தடவை திறக்கும்போதுதான் அறுபட வேண்டும். அதே கம்பனி கேனில் மூடிக்குக் கீழே வழக்கமாக இருக்கும் உள்தகடு இல்லாவிட்டாலோ கோணலாக ஒட்டியிருந்தாலோ வாங்காதீர்கள். தொகுதி எண்ணும் உற்பத்தித் திகதியும் விரலால் தேய்த்தால் அழியக் கூடாது. தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். ஒரு லீற்றர் எஞ்சின் ஒயில் மட்டும் ஏறத்தாழ 850 முதல் 890 கிராம் வரும், அதோடு கேனின் எடை. விரலில் தேய்த்துப் பார்ப்பதும் மணந்து பார்ப்பதும் பயன் தராது. மருந்து எதுவும் சேர்க்காமல் சாயம் மட்டும் போட்ட வெறும் அடிப்படை ஒயிலும் அதே வழவழப்போடுதான் இருக்கும்.

பீப்பாயிலிருந்து சில்லறையாக வாங்கினால், பீப்பாய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெளியில் நிமிர்ந்து நிற்கும் 200 லீற்றர் பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்காற்று விரிந்து வெளியேறும், இரவுக் குளிரில் சுருங்கும்போது மூடி வழியே அந்த நீரை உள்ளே உறிஞ்சும். பகலுக்கும் இரவுக்கும் குளிர் இவ்வளவு மாறும் நம் ஊர்களில் இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. சந்தேகமாக இருந்தால் நன்றாகச் சூடான தகட்டில் ஒரு துளி விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கம்பனியைக் குறை சொல்லும் முன்

ஒயில் கறுத்துவிட்டது என்பதற்காகக் கம்பனி மாற்ற வேண்டாம். எஞ்சினின் கரியைக் கழுவித் தன்னோடு வைத்திருக்கும் ஒயில் கறுக்கத்தான் செய்யும். மூடிக்குக் கீழே பால் போல வெள்ளையாகப் படிந்தாலும் குற்றம் கேனில் இல்லாமல் இருக்கலாம். காற்றால் குளிரும் பைக்கில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டே கிடையாது, அது கசிந்து கலந்திருக்கவும் முடியாது. காலைக் குளிரில் சோக் இழுத்து, கடைத்தெரு வரை இரண்டு கிலோமீற்றர் போய் நிறுத்தினால் உள்ளே வியர்த்த நீர் ஆவியாகாமல் தங்கிவிடும். வாரத்தில் ஒரு தடவை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஒயிலில் பெற்றோல் மணந்தாலோ முழு ஒயிலுமே வெளுத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

வழியில் ஒயில் குறைந்தால், வேறு கம்பனி ஒயில் கலக்காதே என்று பயந்து குறைவாகவே ஓட்டுவது பெரிய ஆபத்து. ஏபிஐ உரிமம் பெற்ற ஒயில்கள் ஒன்றோடொன்று கெடுதியின்றிக் கலக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்பதே விதி. தடிப்பு எண்ணும் ஜாஸோ தரமும் ஒத்துப்போனால் தயங்காமல் ஊற்றுங்கள்.

மிஞ்சிய ஒயிலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். லேபல் போய்விடும், பிள்ளைகள் குடிபானம் என்று எடுத்துவிடுவார்கள். அதன் கேனிலேயே இறுக மூடி, திறந்த திகதியை எழுதி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெற்றுக் கேனை எத்தனை தடவை கழுவினாலும் குடிதண்ணீருக்கோ தேங்காய் எண்ணெய்க்கோ பயன்படுத்தாதீர்கள், பிளாஸ்டிக் உறிஞ்சிய மருந்து போகாது. பழைய ஒயிலைக் கானில் விட்டால் அது மஸ்கெலியா, கொத்மலை ஓயாக்களுக்குத்தான் இறங்கும். வேறொரு பழைய கேனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் வெற்றுக் கேன்களைப் போலி ஒயில் நிரப்புகிறவர்கள் தேடுவார்கள். எறியும் முன் லேபலைக் கிழித்து, கேனை நடுவாக வெட்டிவிடுங்கள்.