டகோட்டாவைப் பார்க்கக் கிளம்பும் முன்

விமானப்படை நாளையொட்டி நடக்கும் வான்காட்சி இப்போது ஊர் ஊராக மாறுகிறது. 2022ல் சண்டிகர், 2023ல் பிரயாக்ராஜ், 2024 அக்டோபர் 6ல் நம்ம மெரினா. கடற்கரையில் நின்று பார்க்கக் காசே இல்லை, அதனாலேயே கூட்டம் லட்சக்கணக்கில் வரும். அன்று மெரினா வெயிலில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதனால் தண்ணீர், தொப்பி, உப்பு போட்ட மோர் இதெல்லாம் கட்டாயம், வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். முடிந்ததும் உடனே ரயில் நிலையத்துக்கு ஓடாமல் ஒரு மணி நேரம் எங்காவது நிழலில் உட்காருங்கள்.

சரி, பார்ப்பது எப்படி? ஜெட் விமானங்களை யாரும் தவறவிட மாட்டார்கள், பழைய விமானங்கள் வரும்போதுதான் பலர் போனைப் பார்க்கிறார்கள். ஹார்வர்டு என்ற பழைய பயிற்சி விமானத்தைக் காதால் பிடிக்கலாம்: புரொப்பெல்லர் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதால் கரகரவென்று ஓர் ஊளை. டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானத்துக்கு இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர், அடித்தொண்டை உறுமல். அதன் உடலில் விபி 905 (VP 905) என்ற எண்ணைத் தேடுங்கள். 1947 அக்டோபர் 27ல் ஸ்ரீநகரில் நம் வீரர்களை இறக்கியவை டகோட்டாக்கள்தான் என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். படம் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/200 நொடி பக்கம் வையுங்கள், அதைவிட ரொம்ப வேகமாக வைத்தால் புரொப்பெல்லர் சுற்றாமல் நிற்பதுபோல் விழும்.