கலர் கலர் குட்டி உருளைக்கிழங்கு: காசைக் கொட்டி வாங்கி கஞ்சி வைக்காதீங்க

இப்பல்லாம் அமெரிக்காவுல எந்த நம்மாளு வீட்டு பாட்லக் (ஆளாளுக்கு ஒரு பண்டம் செஞ்சு எடுத்துட்டு வர்ற விருந்து) போனாலும் ஒரு ட்ரே கலர் உருளைக்கிழங்கு கண்டிப்பா இருக்கு. கடையில சிவப்பு, மஞ்சள், ஊதா மூணும் கலந்து ஒண்ணரை பவுண்டு பையில விக்கறாங்களே அதேதான். ஆனா ட்ரேல பாத்தா மூணு கலரும் இருக்காது, எல்லாமே ஒரே அழுக்கு சாம்பல் கலர்ல, பாதி ஒடைஞ்சு, மேல கொத்தமல்லியத் தூவி மறைச்சிருப்பாங்க. புதுசா சமைக்கறவங்க பண்ற இந்தக் கூத்து எல்லாம் நானும் ஒரு காலத்துல பண்ணினதுதான், அதனால யாரையும் குத்திக்காட்ட எழுதல. சாதா உருளைக்கிழங்கு விலையோட ஒப்பிட்டா இது ரொம்ப அதிகம், அந்தக் காசு சிங்க்ல ஓடறதப் பாத்தா வயிறு எரியுது, அவ்ளோதான்.

கழுவாம போடறது, உப்பு போட மறக்கறது, அடுப்ப மறந்துட்டு போன் பேசறது, இதெல்லாம் எழுதப் போறதில்ல. அது உங்களுக்கே தெரியும்.

குக்கர்ல போட்டு மூணு விசில்

இதப் பத்தி மட்டும் கொஞ்சம் நீளமா பேசறேன், பொறுத்துக்கோங்க.

நம்ம வீடுகள்ல உருளைக்கிழங்குன்னாலே கை தானா குக்கரத் தேடும். மசாலாவுக்கும் போண்டாவுக்கும் அது சரி, எப்படியும் மசிக்கத்தானே போறோம். இங்க வந்தவங்க குக்கருக்குப் பதிலா இன்ஸ்டண்ட் பாட்ங்கற கரண்ட் குக்கர்ல போட்டு பட்டன அமுக்கிட்டு குளிக்கப் போயிடறாங்க, பேருதான் வேற, நடக்கறது ஒண்ணுதான்.

என் தங்கச்சி பொண்ணு டெக்சாஸ்ல மாஸ்டர்ஸ் படிக்கறா. டிபார்ட்மெண்ட் பாட்லக்குக்கு நம்ம ஊரு ஸ்டைல்ல பேபி பொட்டேட்டோ ரோஸ்ட் எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. சாயங்காலம் வீடியோ கால் வந்துச்சு. "பெரியம்மா, தண்ணி ஏன் ஊதாவா இருக்கு? கெட்டுப் போச்சா?"ன்னு கேக்கறா. போன குக்கர் பக்கம் திருப்புடின்னேன். பாத்தா தண்ணி அழுக்கு ஊதாவா நிக்குது, அதுல சிவப்புக் கிழங்கெல்லாம் வெளுத்துப் போய் மிதக்குது, மஞ்சக் கிழங்கோட வெடிச்ச எடத்துல எல்லாம் சாம்பல் கறை, ஊதாவுல பாதி வாயப் பொளந்துக்கிட்டு மாவாக் கரையுது. கரண்டியால ஒண்ணத் தூக்கினா, தோல் மட்டும் கரண்டியில நிக்குது, உள்ள இருந்தது பொத்துனு தண்ணிக்குள்ள விழுது. எத்தன விசில்டின்னா, "மூணு பெரியம்மா, அம்மா எப்பவும் மூணுதான வைப்பாங்க"ங்கறா. அதுவும் சீக்கிரம் வேகட்டும்னு ஒவ்வொண்ணையும் ரெண்டா வெட்டிப் போட்டிருக்கா!

என்ன நடந்துச்சுன்னா, ஊதாவுக்கும் சிவப்புக்கும் கலர் குடுக்கறது ஆந்தோசயனின், அது தண்ணியில கரையற சாயம். மஞ்சளுக்குக் கலர் குடுக்கறது கரோட்டினாய்டு, அது தண்ணியில கரையாது, கொழுப்புலதான் கரையும். அதனால ஒரே தண்ணியில மூணையும் போட்டா ஊதா சாயம் விடும், மஞ்சள் அத வாங்கிக்கும். தோல் முழுசா இருக்கற வரைக்கும் சாயம் பெருசா வெளிய வராது. வெட்டினாலோ வெடிச்சாலோ கதை முடிஞ்சுது.

குக்கர்ல வெடிக்காம இருக்கவும் வழியில்ல. உள்ள சூடு 120 டிகிரி செல்சியஸ் பக்கம் போகுது, இந்தக் குட்டிக் கிழங்கோட தோலோ காகிதம் கனம்தான். பையில ஒண்ணு கோலிகுண்டு சைஸ்ல இருக்கும், ஒண்ணு எலுமிச்சம்பழம் சைஸ்ல இருக்கும், பெருசு வேகறதுக்குள்ள சிறுசு செத்துரும். அடுப்ப அணைச்ச பிறகும் பிரஷர் அடங்கற வரைக்கும் வெந்துக்கிட்டேதான் இருக்கும். நடுவுல தெறந்து குத்திப் பாக்கவும் முடியாது. அது போதாதுன்னு மிக்ஸ் பையில ஊதா ரகம் பல நேரம் மத்ததவிட கொஞ்சம் மாவுத்தன்மையா இருக்கும், மொதல்ல ஒடையறது அதுதான்.

சரி, கலர் போனா போகட்டும், ருசி இருந்தா போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க. ருசியும் போகுது, அதான் எனக்கு ஆத்திரமே. குழைஞ்ச கிழங்கு தண்ணியக் குடிச்சிட்டு நிக்கும். அத எண்ணெயில போட்டா மேல இருக்கற ஈரம் ஆவியாகிற வரைக்கும் மேல்பக்கத்து சூடு 100 டிகிரியத் தாண்டாது, தாண்டாம மொறுமொறுப்பு எங்க இருந்து வரும்? மாவு வேற சட்டியில அடி பிடிக்கும், நீங்க கரண்டியால சொரண்டுவீங்க, சொரண்டச் சொரண்ட இன்னும் ஒடையும், கடைசியில ரோஸ்ட்டுன்னு ஆரம்பிச்சது பொடிமாஸா முடியும். பொடிமாஸ்தான் வேணும்னா சாதா கிழங்கு வாங்குங்க, பாதி விலைகூட ஆகாது.

இப்ப எப்படிப் பண்றதுன்னு சொல்றேன். அகலமான பாத்திரத்துல கிழங்க முழுசா, தோலோட, பச்சத் தண்ணியில போடுங்க. கொதிக்கற தண்ணியில போட்டா வெளிய வெந்துரும், நடுவுல நறுக்னு இருக்கும். ஒரு லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் உப்பு, தோலோட இருக்கறதால தாராளமாவே போடலாம், பயப்படாதீங்க. கொதி வந்ததும் தீயக் கொறச்சு, லேசா குமிழி விடற அளவுல வைங்க, தளதளன்னு கொதிச்சா ஒண்ணோட ஒண்ணு இடிச்சே தோல் கிழியும். பத்தாவது நிமிஷத்துல இருந்து சின்னக் கத்தி நுனியால குத்திப் பாக்க ஆரம்பிங்க, கத்தி வழுக்கிட்டு உள்ள போகணும், ஆனா தூக்கினா கிழங்கும் கூடவே வரணும், அதுதான் பதம். சிறுச மொதல்ல அரிச்சு எடுத்துருங்க, பெருசு இன்னும் அஞ்சு நிமிஷம் கெடக்கட்டும். பொறுமை இருந்தா ஊதாவ மட்டும் தனிப் பாத்திரத்துல வேக வைங்க. இட்லிப் பானை இருந்தா அதுல ஆவியில வேக வச்சா சாயம் போறது இன்னும் கம்மி, நேரம் மட்டும் கொஞ்சம் கூட ஆகும்.

வடிச்ச பிறகு அதே சூடான பாத்திரத்துல மூடாம அஞ்சு நிமிஷம் விடுங்க. ஆவி பறந்து தோல் மேல லேசா வெள்ள பூத்த மாதிரி காஞ்சு வரும். இந்த அஞ்சு நிமிஷத்த முழுங்கறவங்கதான் அப்புறம் "எனக்கு மட்டும் ரோஸ்ட் ஆகவே மாட்டேங்குது"ன்னு பொலம்பறது. இன்னும் நல்லா வரணும்னா முந்தின நாளே வேக வச்சு, ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, மறுநாள் கிழங்கு இறுகி நிக்கும், ரெண்டா வெட்டினாகூட பிசிறாது.

இந்தக் கலர் கிழங்கெல்லாம் பெரு, பொலிவியா பக்கம் ஆண்டிஸ் மலையில இருந்து வந்தது. லிமாவுல இருக்கற சர்வதேச உருளைக்கிழங்கு மையத்துல மட்டும் 4,000க்கு மேல நாட்டு ரகங்களப் பாதுகாத்து வச்சிருக்காங்க. அந்த மலைக்காரங்க பல ரகத்த ஒண்ணாத்தான் அவிக்கறாங்க, ஆனா முழுசா, தோலோட. உரிக்கறது தட்டுல வச்ச பிறகுதான். தலமுறை தலமுறையா அதத் தின்னுட்டு இருக்கறவங்க பண்றத நாமளும் பண்ணுவோமே.

தோல உரிக்கறது

உரிக்காதீங்க. சிவப்புல கலரே பெரும்பாலும் தோல்லதான், உள்ள சாதா வெள்ளைதான்.

மஞ்சத்தூள்

மஞ்சத்தூள் போடாம தாளிக்கறதுன்னா நமக்குக் கை நடுங்கும், தெரியும். ஆனா ஊதா மேல மஞ்சளப் போட்டா வர்றது சிமெண்ட் கலர்தான். சாம்பார் பொடி, கடையில வாங்கற கறி மசாலா இதுலயும் மஞ்சள் இருக்கு, தெரியாம அதத் தூவிட்டு "நான்தான் மஞ்சள் போடலயே"ன்னு முழிக்கறாங்க. இதுக்கு நல்லா ஒத்துப் போறது இடிச்ச மிளகு, சோம்பு, தோலோட நசுக்கின பூண்டு, கருவேப்பிலை, கொஞ்சம் நல்லெண்ணெய். காரம் வேணும்னா காஞ்ச மிளகாயக் கொரகொரன்னு பொடிச்சுப் போடுங்க, ரசம் சாதத்துக்கு அப்படி ஒரு ஜோடி. மஞ்சள் இல்லாம முடியாதுன்னா மஞ்சக் கிழங்க மட்டும் தனியா எடுத்து அதுல போட்டுக்கோங்க, உங்க மனசும் ஆறும், கிழங்கும் தப்பிக்கும்.

சோடா உப்பு

வெள்ள உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்கு தண்ணியில அரை ஸ்பூன் சோடா போட்டா வெளிய மொறுமொறுன்னு வரும்னு இப்ப ஊரே சொல்லுது. அது உண்மைதான், சோடாவோட காரத்தன்மை (புளிப்புக்கு நேரெதிர்) கிழங்கோட மேல்பக்கத்த சீக்கிரம் கரைச்சுவிடும், அந்த மாவுதான் அப்புறம் மொறுமொறுப்பாகுது. ஆனா ஆந்தோசயனினுக்கு காரத்தன்மை ஆகவே ஆகாது. ஊதாக் கிழங்கு நீலமாப் போய், அப்புறம் பச்சையாப் போய், பாக்கவே சாப்பாட்டு ஞாபகம் வராது. சில ஊரு குழாய்த் தண்ணியே காரத்தன்மையா இருக்கும், சும்மா வேக வச்சாலே நீலம் பாரிக்கும். அப்படி இருந்தா சோடாவுக்கு நேரெதிரா, ஒண்ணரை லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் விடுங்க. கலரும் நிக்கும், கிழங்கும் ஒடையாது. வேக ரெண்டு மூணு நிமிஷம் கூட எடுக்கும்.

புளியில நேரா வேக விடறது

அந்த வினிகர் விஷயத்தோட இன்னொரு பக்கம் இது. புளிப்பு கிழங்க இறுக்கிப் பிடிக்கும். ஒரு ஸ்பூன்னா ஒடையாம காப்பாத்தும், ஆனா பச்சக் கிழங்க கெட்டிப் புளிக்கரைசல்லயோ தக்காளியிலயோ போட்டா அரை மணி நேரம் கொதிச்சும் கடக் கடக்னு இருக்கும். மொதல்ல வேக வைங்க, புளிப்பு அப்புறம்.

கிளறிக்கிட்டே இருக்கறது

கைய எடுங்க.

சரி, கொஞ்சம் சொல்றேன். ரெண்டா வெட்டி, வெட்டுன பக்கம் கீழ இருக்கற மாதிரி இரும்புச் சட்டியில அடுக்கி, மிதமான தீயில நாலஞ்சு நிமிஷம் தொடாம விடணும். அடியில பொன்னிறமா ஒரு ஏடு கட்டினதும் அதுவே சட்டிய விட்டு வரும், வரலன்னா இன்னும் ஆகலன்னு அர்த்தம். ஓவன்ல வைக்கறதுன்னா 425 ஃபாரன்ஹீட், ட்ரேயவே மொதல்ல சூடு பண்ணி வெட்டுன பக்கம் கீழ வச்சு இருபது இருபத்தஞ்சு நிமிஷம். பூண்டு, மிளகாத்தூள் எல்லாம் எறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஆரம்பத்துலயே போட்டா கிழங்கு செவக்கறதுக்குள்ள பூண்டு கருகிக் கசந்துரும், அப்புறம் கிழங்கு மேல பழி.

பச்சைக் கிழங்க ஃப்ரிட்ஜ்ல வைக்கறது

வெந்தது ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், பச்சையா இருக்கறத வைக்காதீங்க. குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறும், வறுக்கும்போது உள்ள வேகறதுக்குள்ள வெளிய கறுத்துரும். இருட்டான, காத்தோட்டமான எடம் போதும். கவுண்டர் மேல வெளிச்சத்துல அழகுக்குக் கூடையில வச்சா வேற ஆபத்து: வெளிச்சம் பட்டா கிழங்கு பச்சை பாரிச்சு சோலனின்ங்கற நச்சு கூடும், வேக வச்சாலும் அது போகாது. வெள்ளக் கிழங்குல அது கண்ணுக்குத் தெரியும், ஊதாத் தோல்ல தெரியவே தெரியாது. சந்தேகமா இருந்தா நகத்தால தோல லேசாக் கீறிப் பாருங்க, அடியில பச்சை தெரிஞ்சா அது குப்பைக்கு. வெந்த பிறகு நாக்குல கசப்போ சுருக்குனோ பட்டாலும் துப்பிருங்க, காசு போச்சேன்னு முழுங்காதீங்க.

ஊதாக் கிழங்கு சாப்பிட்டா சுகர் ஏறாது

ஏறும்.

ஊர்ல இருந்து கேக்கறவங்களுக்கு

நம்ம ஊரு மார்க்கெட்டுல பேபி பொட்டேட்டோன்னு வர்றது பெரும்பாலும் சாதாக் கிழங்குல சிறுசாப் பொறுக்கினதுதான், அதுக்கு இந்தக் கலர் கவலையெல்லாம் இல்ல. ஆனா குக்கர்ல வெடிக்கற கதை அதுக்கும் உண்டு. சிம்லாவுல இருக்கற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் குஃப்ரி நீல்கண்ட்னு ஊதாத் தோல் ரகம் ஒண்ணு விட்டிருக்காங்க, கண்ணுல பட்டா வாங்கிப் பாருங்க. ஊதா தோல்லதான், உள்ள வெளிர் மஞ்சள். அதனால உரிச்சுட்டீங்கன்னா ஊதாக் கிழங்கு வாங்கினதுக்கு சாட்சியே இருக்காது. பொங்கலுக்கு திருநெல்வேலிப் பக்கம் சிறுகிழங்க சாக்குல போட்டு தேச்சு தோல் எடுப்பாங்களே, அத இதுக்கும் பண்ணலாமான்னு ஒருத்தங்க கேட்டாங்க. அது வேற செடி அம்மா, தொளசி குடும்பம். இத சாக்குல போட்டு தேச்சீங்கன்னா நானே வந்து பிடுங்கிட்டுப் போயிருவேன்.

ஃபாயில் போட்டு இறுக்கி மூடறது

பாட்லக்குக்கு எடுத்துட்டுப் போறவங்க எல்லாரும் பண்றது. அடுப்புல இருந்து எறக்கின சூட்டோட மூடினா உள்ளயே வேர்த்து, அவ்ளோ பாடுபட்டு வந்த மொறுமொறுப்பு அஞ்சு நிமிஷத்துல போயிரும். அதவிட மோசம், அந்த ஃபாயிலோடவே ராத்திரி முழுக்க மேஜ மேல விடறது. 1994ல டெக்சாஸ் எல் பாசோல ஒரு ரெஸ்டாரண்ட்ல ஃபாயில் சுத்தி வேக வச்ச உருளைக்கிழங்க வெளியவே விட்டு வச்சு, அதுல செஞ்ச டிப்ப சாப்பிட்டு 30 பேருக்கு பொட்டுலிசம்னு ஒரு கிருமியோட விஷத்தால வர்ற ஆபத்தான நோய் வந்துச்சு. காத்துப் போகாத சூடான எடம் அந்தக் கிருமிக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால ட்ரேய ஒரு துணி போட்டு லேசா மூடி எடுத்துட்டுப் போங்க, மிச்சமானத ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க. கிழங்க மட்டும் வறுத்து எடுத்துட்டு, தாளிப்ப ஒரு சின்ன டப்பாவுல தனியாக் கொண்டு போய் அங்க போன பிறகு ஓவன்ல ஒரு அஞ்சு நிமிஷம் காட்டிட்டுக் கலந்தீங்கன்னா இன்னும் உத்தமம். எலுமிச்சம்பழமும் அங்கயே பிழிஞ்சுக்கோங்க, அரை மூடி போதும், புளிப்பு பட்டதும் ஊதாவுல லேசா ஒரு செவப்பு ஏறும்.