அரை அடி மண்ணுக்கு ஒரு மனு

தாளடி (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போதே பரிசோதனைக்கு மண் மாதிரி எடுத்துவிடுங்கள். கடைசியாக உரமிட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

எங்கள் டெல்டாப் பக்கத்தில் வரப்பில் நின்றபடியே ஒரு பிடி அள்ளிப் பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அது வரப்பின் ஜாதகம், வயலுடையது அல்ல. வரப்போரம், மரநிழல், எருக்குழி இருந்த இடம் எல்லாவற்றையும் விட்டு, குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்க வேண்டும். தாளையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் அரை அடி ஆழம் வெட்டுங்கள். அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து அடிவரை ஓர் அங்குலக் கனத்துக்குச் செதுக்கி எடுப்பதுதான் மாதிரி. கரும்புக்கும் பருத்திக்கும் முக்கால் அடி ஆழம் போக வேண்டும்.

வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தகர வாளியின் துத்தநாகப் பூச்சு கணக்கைக் கெடுக்கும். யூரியா சாக்கை விரித்து அதில் மண்ணைக் கொட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது! சுத்தமான தாளில் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரை கிலோவில் நிறுத்துங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, சர்வே எண்ணும் அடுத்து வைக்கப்போகும் பயிரும் எழுதிக் கொடுங்கள்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் தரும் அட்டையில் சோதனை முடிவாக 12 அளவுகள் வரும். முதலில் அங்ககக் கரிமத்தை, அதாவது மக்கிய தழையும் எருவும் மண்ணில் சேர்த்த கரிமத்தைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு. கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டியிருந்தால், காரத்தைத் தணிக்க ஜிப்சம் எவ்வளவு போடுவது என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

தழைச்சத்து ‘குறைவு’ என்றதும் யூரியாவுக்கு ஓடாதீர்கள். அளவு மீறினால் பயிர் கரும்பச்சையாக நிற்கும், பின்னாலேயே புகையான் பூச்சி வரும். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடி விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் கரிமமும் சேரும். ஆனால் விவசாயியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2010-இல் உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை அதில் சேர்க்காமல் விலையை அரசே கட்டிப்போட்டது. மலிவாகக் கிடைப்பதைத்தானே மனிதன் அதிகம் போடுவான்? தொழுவுரத்துக்கும் பசுந்தாளுக்கும் அதே அளவு கை கொடுத்துவிட்டு அறிவுரை சொல்லட்டும்.

அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். பக்கத்து நிலத்தில் செங்கல் சூளைக்கு மேல்மண் வெட்டினால் அந்த அட்டைதான் உங்கள் ஆவணம். டெல்டாவுக்காக வந்த 2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் இருக்கின்றன. மேல்மண் வியாபாரம் இல்லை. இருந்தாலும் செங்கல் மண் சிறுகனிமம்; அனுமதியின்றி வெட்ட முடியாது. சர்வே எண், வெட்டிய ஆழம், அளவுகோல் வைத்து எடுத்த படம், அட்டையின் நகல் எல்லாம் சேர்த்து மனு எழுதுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாளில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள். தீர்மான நகலுடன் இன்னொரு மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.