கார் சாவியை வாங்குவதற்கு முன்: அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ, 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க இடமளித்தது. அணிக்கு வாரி வழங்கும் செல்வந்தர்களான பூஸ்டர்கள் ‘கலெக்டிவ்’ என்ற பெயரில் அமைப்புகளைத் தொடங்கிப் பணம் திரட்டி, அதை விளம்பர ஒப்பந்தங்களாக வீரர்களுக்கு வழங்கத் தொடங்கினர். அந்த முதல் ஆண்டிலிருந்தே நான் இந்த வீரர்களுக்கு வரிக் கணக்கு தயாரித்து வருகிறேன். அப்போது நான் செய்த பிழைகளையே இன்று புதிதாக வரும் கணக்காளர்களும் வீரர்களின் பெற்றோரும் செய்கிறார்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது, கடைசித் தேதியைத் தவறவிடாமல் இருப்பது போன்றவற்றை அனைவரும் அறிவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

காரை வருமானமாக எண்ணாதது

என்னிடம் வந்த முதல் அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் “இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது?” என்று கேட்டேன். அவர் 20,000 டாலர் என்றார். நானும் அதையே எழுதினேன். கேள்வியே தவறு என்பது, உள்ளூர் கார் விற்பனையகம் ஒன்று அவருக்கு ஓட்டக் கொடுத்திருந்த வண்டியின் வாடகை மதிப்பாக 9,000 டாலரைக் குறிப்பிட்டு, ஊழியரல்லாதவருக்குக் கொடுத்ததை வரித் துறைக்கும் அவருக்கும் தெரிவிக்கும் 1099 படிவம் அனுப்பியிருந்ததை, வரித் துறையின் கடிதம் வந்த பிறகே நான் அறிந்தபோதுதான் உறைத்தது. அந்தப் படிவம் அவருடைய பழைய விடுதி அறை முகவரிக்குப் போயிருந்தது.

விளம்பரத்துக்கு ஈடாக வரும் கார், காலணி, இலவச உணவு ஆகிய அனைத்தும் அவற்றின் சந்தை மதிப்பில் வருமானமாகவே கருதப்படும். வீரர் யாருடைய ஊழியரும் அல்லர், சுயதொழில் செய்பவர் என்பதால், வழக்கமான வருமான வரிக்கு மேல் 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. அந்த 9,000 டாலருக்கு அது மட்டுமே ஏறக்குறைய 1,270 டாலர். காரை வெட்டி வரி கட்ட முடியாது. வருமான வரி, அபராதம், வட்டி எல்லாம் சேர்ந்தபோது, ரொக்கத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்ட அந்த இளைஞர் தன் தாயிடம் கடன் வாங்க நேர்ந்தது. ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய கடன் அது என்பதால், இன்றும் அதை நினைத்தால் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது.

“என்னென்ன வந்தது?” என்று கேளுங்கள். படிவம் வராவிட்டால் வரி இல்லை என்று எண்ணவும் வேண்டாம். சுயதொழிலின் நிகர வருமானம் 400 டாலரை எட்டினாலே கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணைகளில் முன்கூட்டியே வரி கட்டுவதற்காக, வரும் ரொக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடும்படி நான் சொல்வதுண்டு.

வாய்ச்சொல்லை நம்புவது

2024 செப்டம்பரில், லாஸ் வேகஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழக அணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்றிருந்த நிலையில், அதன் தாக்குதல் ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா அந்தப் பருவத்தில் இனி ஆடப்போவதில்லை என்று விலகினார். பேசிய 1,00,000 டாலர் வரவில்லை என்றார் அவருடைய முகவர். பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை. எழுத்தில் இல்லாத தொகையைத் தொகையாக எண்ணாதீர்கள்.

நாளைய சம்பளத்தை இன்றே விற்பது

புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-ல் 4,36,485 டாலர் பெற்றுக்கொண்டு, தொழில்முறைக் கால்பந்தில் 25 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தருவதாகக் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டே அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். விளம்பர ஒப்பந்தம் என்று தலைப்பிட்டிருந்தாலும், சதவீதமும் ஆண்டுக் கணக்கும் கண்ணில் பட்டால் அதைக் கடன் பத்திரத்தைப் போல வரிக்கு வரி படிக்க வேண்டும்.

600 டாலரை மறைப்பது

2025 முதல், என்சிஏஏ-வின் மேல்மட்டமான முதல் பிரிவைச் சேர்ந்த வீரர்கள், 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவர்களுடனான விளம்பர ஒப்பந்தங்களை, அவற்றைச் சரிபார்க்கும் ‘என்ஐஎல் கோ’ இணையதளத்தில் பதிய வேண்டும், பதிந்துவிடுங்கள்.

மாணவர் விசா

சென்னையிலிருந்து டென்னிஸ் உதவித்தொகையில் வந்தவர்கள், குடியேற்றச் சட்ட வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.