குடிநோய்ச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டைப் பயன்படுத்துவது எப்படி?

குடிநோய்ச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்குமா என்பதற்கான விடை, பாலிசி ஆவணத்தில் பலன்களை அடுக்கும் முதல் பக்கங்களில் இருக்காது. விலக்குகள் என்ற பகுதியில்தான் இருக்கும். மது, போதைப்பொருள், அடிமைப்பழக்கம், மனநலம் ஆகிய சொற்கள் வரும் ஒவ்வொரு வரியையும் அங்கே படியுங்கள். மதுப்பழக்கத்துக்கான சிகிச்சை மட்டும் விலக்கப்பட்டிருக்கிறதா, அதன் விளைவுகளும் சேர்த்து விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விளைவுகளும் சேர்ந்திருந்தால், குடியால் வந்த கல்லீரல் நோய்க்கான கிளெய்ம்கூட மறுக்கப்படலாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மனநலச் சிகிச்சைக்கும் போதைச் சிகிச்சைக்கும் காப்பீடு தரும் திட்டங்கள் உடல்நோய்க்கு உள்ளதைவிடக் கடுமையான வரம்புகளை அவற்றுக்கு விதிக்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்து, மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு வேண்டும் என்கிறது. ஆயினும் அடிமைப்பழக்கத்தை விலக்கும் வரி பாலிசிகளில் இடம்பெறத்தான் செய்கிறது. எனவே தொலைபேசியில் "கிடைக்காது" என்று சொல்லப்படுவதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாமல், எந்த விதியின்படி கிடைக்காது என்று எழுத்தில் கேளுங்கள்.

குடிநோய்ச் சிகிச்சையை ஒரே செலவாக நினைத்துக் கேட்பது நல்லதல்ல. உடலிலிருந்து மதுவை நீக்கும் சில நாள் மருத்துவமனைச் சிகிச்சை, வாரக்கணக்கில் மறுவாழ்வு மையத்தில் தங்குவது, வெளிநோயாளியாகப் பெறும் ஆலோசனை, நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் ஆகிய ஒவ்வொன்றையும் பாலிசி வெவ்வேறு விதமாக நடத்தக்கூடும். முதலாவதை ஏற்கும் நிறுவனம் இரண்டாவதை மறுப்பது உண்டு. மறுவாழ்வு மையம் மருத்துவமனையாகப் பதிவு பெறாதது என்பதே மறுப்புக்குப் போதுமான காரணமாகிவிடும் என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலைக் கேட்கும் முன் அனுமதி விண்ணப்பத்தில் எடை மிகுந்தது மருத்துவரின் குறிப்புதான். "மதுப்பழக்கம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதினால், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாமே என்று நிறுவனம் திருப்பிக் கேட்கும். எத்தனை ஆண்டுகளாக, நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்ததா, இப்போது கைநடுக்கமும் நாடித்துடிப்பும் எப்படி உள்ளன என்பவை குறிப்பில் இருக்க வேண்டும். நோயின் குறியீடும் தேவை: உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் மதுச் சார்பு எஃப்10.2, மதுவை நிறுத்துவதால் வரும் பாதிப்பு எஃப்10.3. வேறு நோயின் பெயரை எழுதித் தரும்படி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். அது மோசடி, பாலிசியே ரத்தாகலாம். பாலிசி எடுக்கும்போது குடிப்பழக்கத்தை மறைப்பதற்கும் இதே விளைவுதான்.

அனுமதி வரும்வரை நோயாளியை வீட்டில் வைத்துத் திடீரெனக் குடியை நிறுத்தச் சொல்வது, நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டாலும், ஆபத்தானது. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவருக்கு நிறுத்திய முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள்களில் உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் நடுக்கமும் தோன்றலாம். அப்படி நேர்ந்தால் முன் அனுமதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவில் சேர்த்துவிட்டு, பாலிசியில் சொல்லப்பட்ட கால வரம்புக்குள் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தில் காட்டப்பட்டுள்ள விதியை எடுத்து, அதற்கு நேராகப் பதில் சொல்லும் கூடுதல் கடிதம் ஒன்றை மருத்துவரிடம் பெற்று மேல்முறையீடு செய்யுங்கள். மேல்முறையீட்டுக்கும் கெடு உண்டு. அதிலும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் போன்ற வெளி அமைப்பை அணுகலாம். நிறுவனத்தோடு வாய்மொழியாகப் பேசியதைவிட எழுதி வாங்கியதே அங்கே எடுபடும் என்பதால் டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீதுகள், மின்னஞ்சல்கள் அனைத்தையும் தேதி வரிசையில் வைத்திருங்கள்.