ஃபெர்ஹாத் அப்பாஸ்: பாதி படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்

பிரான்சை எதிர்த்து நடந்த அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றிப் பேச்சு வந்தால், முதலில் பிரான்சோடு இணைந்திருக்க விரும்பி, பிறகு விடுதலை அணிக்கு வந்த அரசியல் தலைவர் ஃபெர்ஹாத் அப்பாஸைக் 'கட்சி மாறியவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். செதிஃப் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த அந்த மனிதருக்கு இது பெரிய அநியாயம்.

பலர் செய்யும் தவறு, 1936 பிப்ரவரியில் அவர் எழுதிய கட்டுரையில் பாதியை மட்டும் படிப்பது. அல்ஜீரியத் தாயகம் என்று ஒன்று இல்லை, கல்லறைகளுக்கும் போய்த் தேடினேன், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்ற பகுதிதான் எங்கும் மேற்கோளாகிறது. மண்ணின் மக்களுக்கு உரிமை கிடைக்காமல் பிரெஞ்சு அல்ஜீரியா நிலைக்காது என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார். அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

அவர் கேட்ட உரிமை என்ன என்பதிலும் குழப்பம் உண்டு. அன்று அல்ஜீரிய முஸ்லிம்கள் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள்; முழு உரிமை உள்ள குடிமக்கள் அல்லர். 1865 சட்டப்படி முழுக் குடியுரிமை வேண்டுமென்றால், திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இஸ்லாமியச் சட்டத்தைக் கைவிட வேண்டியிருந்தது. (புதுச்சேரியில் 1881 ஆணையின்படி சொந்தச் சட்டத்தைத் துறந்த குடும்பங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.) இஸ்லாமியச் சட்டத்தைக் கைவிடச் சொல்லாமலே, ஏறக்குறைய இருபதாயிரம் பேருக்கு மட்டும் வாக்குரிமை தர 1936இல் ஒரு மசோதா வந்தது. ஐரோப்பியக் குடியேறிகளின் எதிர்ப்பால் அது ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

ஒரே இரவில் அணி தாவினார் என்பதும் தவறு. 1943இல் 'அல்ஜீரிய மக்களின் அறிக்கை'யை எழுதி, தனி அரசியலமைப்பு கேட்டார். 1945 மே 8 அன்று, உலகப் போரின் வெற்றிக்கு வாழ்த்துச் சொல்ல அல்ஜியர்ஸில் கவர்னர் ஜெனரலின் அலுவலகத்துக்குப் போனவரை அங்கேயே கைது செய்தார்கள். அன்று செதிஃபில் தொடங்கிய அடக்குமுறையில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகும் 1946இல் அவர் கேட்டது பிரான்சோடு இணைந்த தன்னாட்சிக் குடியரசைத்தான். 1947இல் உருவான 120 பேர் கொண்ட சட்டமன்றத்தில், பத்து லட்சத்துக்கும் குறைவான ஐரோப்பியருக்குப் பாதி இடம், சுமார் எண்பது லட்சம் முஸ்லிம்களுக்குப் பாதி இடம். அதற்கு 1948இல் நடந்த தேர்தலிலும் நிர்வாகமே அப்பட்டமாக மோசடி செய்தது. இத்தனையும் பார்த்த பிறகுதான், 1956 ஏப்ரலில், பிரான்சை எதிர்த்து ஆயுதப் போர் நடத்திய தேசிய விடுதலை முன்னணியில் சேர்ந்ததைக் கெய்ரோவில் அறிவித்தார். கல்லறைக் கட்டுரைக்கும் அதற்கும் இடையே இருபது வருஷம்!

பதவிக்காக மாறினார் என்பவர்கள் கதையை 1962இலேயே நிறுத்திவிடுகிறார்கள். 1958இல் அந்த முன்னணி அமைத்த தற்காலிக அரசின் முதல் தலைவரானது உண்மை; விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு மன்றத்துக்குத் தலைவரானதும் உண்மை. ஆனால் 1963இல் அரசியலமைப்பு வரைவை அந்த மன்றத்தில் விவாதிக்கும் முன்பே, அல்ஜியர்ஸின் மஜெஸ்டிக் சினிமா தியேட்டரில் கட்சிக்காரர்களைக் கூட்டி அன்றைய பிரதமர் பென் பெல்லா ஒப்புதல் வாங்கிக்கொண்டார். அப்பாஸ் பொறுக்கவில்லை, ராஜினாமா செய்தார். மறுவருஷம் அவரைச் சஹாராவில் அட்ராருக்கு அனுப்பிக் காவலில் வைத்தது பிரான்ஸ் அல்ல, அவர் எந்த விடுதலைக்காக அணி மாறினாரோ அந்த நாட்டின் அரசு. 1976இல் அன்றைய ஆட்சித் தலைவர் பூமெதியனை எதிர்த்து வெளியான அறிக்கையில் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 76. மறுபடியும் வீட்டுக்காவல்.